குளியல்தொட்டிக் காருக்குக் கேஸ் எழுதிய கதை

"…ஒரு கடதாசியும் துலையேல்லை. எல்லாம் இந்தப் பைக்குள்ள கிடக்கு. இவர் சொல்லுறதை நம்பாதேங்கோ" என்று என் மனைவி மாலினி கதிரையை விட்டு எழுந்து வந்து சொன்னபோது, ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் இருந்த அந்த வாகன லைசன்ஸ் ஒஃபிஸில் என்னையும் சேர்த்து ஒரு இருபது பேர் இருந்திருப்போம். அவள் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள். தமிழ் தெரியாதவர்களுக்கும் கடைசி வரி விளங்கிவிட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சொந்த மனைவியே அரசாங்க அதிகாரிக்கு முன்னால் "இவரை நம்பாதேங்கோ" என்று சொன்ன ஆண் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைவிட வெட்கம் என்னவென்றால், அன்றைக்கு என்னைக் காப்பாற்றியதும் அதே வரிதான்.

முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ரூஜ் பக்கம் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே செய்தது குளியல்தொட்டி. அச்சின்மேல் மெழுகு பூசி, நிறம் அடித்து, கண்ணாடி நாரை விரித்து, பசையை ஊற்றி உருட்டி, காய்ந்ததும் கழற்றி எடுக்கவேண்டும். நாலு வருடமாக இதையே செய்தேன். ஒரே பொருளை நாலு வருடம் செய்கிற மனிதனுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அந்தப் பொருளைக் கண்ணால் காண முடியாமல் போகும். மற்றது, அதைக்கொண்டு உலகத்தில் உள்ள எதையும் செய்யலாம் என்று நினைக்கத் தொடங்குவான். எனக்கு வந்தது இரண்டாவது வியாதி.

ஒரு தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பக்கமாய்ச் சரிந்து பார்த்தால், அது பழங்காலத்துக் காரின் சில்லுக்கு மேல் வளைந்து நிற்கிற மட்காட் மாதிரியே இருக்கும். (நம்பாவிட்டால் உங்கள் வீட்டிலும் கவிழ்த்துப் பாருங்கோ. மனுசி இல்லாத நேரமாய்ப் பார்த்து.) இப்படி நினைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்தான் ஒரு கராஜ் சேலில் பழைய சஞ்சிகை ஒன்று கையில் கிடைத்தது. அதில் முப்பதுகளில் ஓடிய ஆங்கிலேயக் கார் ஒன்றின் படம். மேலே கூரை இல்லை, முன்பக்கம் நீளமான மூக்கு, பக்கவாட்டில் ஏறி நிற்கப் படி, முதுகில் ஒரு உபரிச் சில்லு. அந்த மாதிரிக் காரை, வண்டு போலக் குண்டாக இருக்கிற ஜெர்மன் வண்டுக் காரின் அடிச்சட்டத்தின் மேல் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் நாலாம் வகுப்பில் மரக்கட்டையில் பஸ் செய்து பரிசு வாங்கினவன். வேறு என்ன தகுதி வேண்டும்?

பழைய இரும்புக் கடையில் ஒரு வண்டுக் கார் கிடைத்தது. மேலுடம்பு கறள் தின்று முடிந்திருந்தது. அடிச்சட்டமும் எஞ்சினும் உயிரோடு இருந்தன. "நல்ல நேரத்துக்கு வந்தாய், வெள்ளிக்கிழமை இதை மெஷினுக்குள்ள போட்டு நசுக்க இருந்தம்" என்றார் கடைக்காரர். அதைக் கேட்டவுடன் எனக்கு அந்தக் காரின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கராஜுக்குள் இறக்கினேன்.

அன்றைக்கு வெளியே போன எங்கள் பழைய கொரோலா பிறகு இரண்டு மாரி முழுக்க வெளியேதான் நின்றது. மாலினிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. ஒவ்வொரு நாளும் அவள்தான் கொரோலாவின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டுப் போவாள். நான் கராஜுக்குள், ஹீற்றர் போட்டு, பிறக்காத காரின் கதவைத் தடவிக்கொண்டு நிற்பேன். அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு தரம், கையுறையைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சருங்கோ, உது ஓடுமோ, இல்லாட்டிக் குளிக்கிறதுக்கோ?"

"ஓடும்."

"தண்ணியோ?"



இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கின ஒவ்வொரு சாமானுக்கும் நான் அவளுக்குச் சொன்னது ஒரே பதில்தான்: "சும்மா தந்தவங்கள்." முன் லைற்றா? வேலைத்தலத்தில் ஒருத்தன் சும்மா தந்தவன். ஸ்ரியறிங்கா? தெரிஞ்ச பொடியன் சும்மா தந்தவன். நாலு புதுச் சில்லா? அது ஒரு கடை மூடுறாங்கள், சும்மா தந்தவங்கள். ரொறன்ரோ மாநகரம் முழுக்க எனக்குச் சாமான் சும்மா தருவதற்காகவே வரிசையில் நின்ற மாதிரித்தான் என் கதை இருந்தது. பில்லுகளைக் கசக்கி கராஜ் வாளிக்குள் போட்டுவிடுவேன். அவசரத்தில் சிலதைக் காற்சட்டைப் பைக்குள் மறந்தும் விடுவேன்.

இரண்டாம் வருடம் வைகாசி மாதம் கார் கட்டி முடிந்து எழுந்து நின்றது. நிறம் எங்கள் தொழிற்சாலைக் குளியல்தொட்டியின் நிறம், அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த வெளிறின பாதாம் நிறம். எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி ஆனபடியால் அந்த நீள மூக்குக்குள் ஒன்றுமே இல்லை. பாதுகாப்புச் சான்றிதழுக்காக இழுவை வண்டியில் கொண்டுபோனபோது, இத்தாலிக்கார மெக்கானிக் கிழவர் முன் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மகனே, உனக்கு எப்படிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. உன்ர எஞ்சினை ஆரோ எடுத்திட்டாங்கள்" என்றார். ஆனால் கடைசியில் சான்றிதழ் தந்தார். "தண்ணி ஒழுகாது, அது மட்டும் நிச்சயம்" என்றும் சொன்னார்.

மாலினியின் தங்கச்சி சுபாவுக்கு ஆனி மாதம் கலியாணம். எனக்குத் தெரியாமல் மாலினி ஃபோனில் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். நான் அதைக் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"சுபா, அந்த வாடகை லிமோவை வேண்டாமெண்டு சொல்லு. நீ உன்ர அத்தான் செய்த காரிலதான் வாறாய். ஓம். நான் சொல்லுறன்தானே."

சுபா லிமோவை நிற்பாட்டிவிட்டாள். ஆனி மாதத்து ரொறன்ரோவில் நிற்பாட்டின லிமோவைத் திரும்பப் பிடிக்க ஏலாது. கலியாணம் சனிக்கிழமை. அதற்கு முந்தின கிழமை முடியும்போதும் காருக்குப் பெர்மிட்டும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. பெர்மிட் இல்லாவிட்டால் தெருவில் ஓட ஏலாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் கார் விசயம் போய்விட்டது. அதாவது, என் மனைவியின் சொல் இப்போது என் தொட்டிக்குள் கிடந்தது.

லைசன்ஸ் ஒஃபிஸுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். வீட்டில் செய்த வாகனத்துக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பெண் குரல் வரிசையாகச் சொன்னது: சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஆதாரம், எப்படிச் செய்தேன் என்று ஒரு சத்தியக்கடதாசி, பாதுகாப்புச் சான்றிதழ், படங்கள்.

ஆதாரம், சத்தியக்கடதாசி, படங்கள். இந்த மூன்றையும் நான் ஏற்கெனவே ஒருதரம் கேட்டிருக்கிறேன். என்னுடைய அகதி விசாரணையின்போது. அன்றைக்கு என்னைக் கரைசேர்த்தவர் யாரோ அவரிடம்தானே இன்றைக்கும் போகவேண்டும்?

அவர்தான் அருளம்பலம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் நீதிமன்றக் கிளாக்கராக இருந்தவர். இங்கே தன் அப்பார்ட்மென்ற் வரவேற்பறையில் ஒரு தட்டச்சு மெஷினோடு இருந்தார். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரின் கதை அந்த மெஷினுக்குள்ளால் போய்த்தான் இந்த நாட்டு அதிகாரிகளின் கைக்கு வந்தது. ஒரு சதமும் வாங்கமாட்டார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லி அவர்தான் தருவார். எல்லாரும் அவரை "அப்பீல் அண்ணை" என்போம். எது சரிவராவிட்டாலும், "விடு, அப்பீல் பண்ணுவம்" என்பார். ஒருதரம் அழுகின கத்தரிக்காயைக் கடைக்காரர் திருப்பி எடுக்காதபோதும் அதையே சொல்லி, மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினவர். கடைக்காரர் வாசித்துவிட்டு அழாக்குறையாக இரண்டு கிலோ புதுக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார்.

நான் விசயத்தைச் சொன்னதும் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ரவி, உது காரில்லை. உது ஒரு கேஸ்."

"பெர்மிட் எடுக்கிற அலுவல்தானே அண்ணை."

"நீ வரேக்க உனக்கும் பெர்மிட்தானே கேட்டது. உடன தந்தவங்களே?"

அவர் மெஷினில் தாளை ஏற்றினார்.

"பிறந்த இடம்?"

"காருக்கோ?"

"பின்ன எனக்கோ?"

"அடிச்சட்டம் ஜெர்மனி. எஞ்சினில மெக்சிகோ எண்டு அடிச்சிருக்கு. உடம்பு மார்க்கம்."

"அப்ப மூண்டு நாடு கடந்து வந்திருக்கு. பயணப்பாதை விளக்கமா எழுதவேணும்." தட்டினார். "சரி, ஆவணங்கள்?"

"இல்லை அண்ணை. எறிஞ்சுபோட்டன்."

"ஏன்?"

"மாலினி கண்டிடுவா எண்டு."

அண்ணையின் விரல்கள் நின்றன. அவருக்கும் மனைவி இருந்தார், பக்கத்து அறைக்குள்.

"மனுசிக்குப் பயந்து எறிஞ்சன் எண்டு எழுதினாக் கேஸ் நிக்காது. 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில் ஆவணங்கள் கைவிடப்பட்டன' எண்டு போடுவம். பொய்யில்லைத்தானே?"

யோசித்துப் பார்த்தேன். பொய்யில்லைத்தான்.

"சரி. திருப்பி அனுப்பினா என்ன நடக்கும்?"

"எங்க திருப்பி?"

"வந்த இடத்துக்கு."

"இரும்புக் கடைக்கோ? நசுக்கிப்போடுவாங்கள்."

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை வருடத்தில் இவ்வளவு உறுதியான காரணத்தோடு ஒருவரும் அவரிடம் வந்ததில்லை. 'இவ்வாகனம் அது வெளியேறிய இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படுமாயின், நசுக்கப்படும் என்ற நியாயமான அச்சம் உண்டு' என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் அடித்தார். தாளை உருவி, தள்ளிப் பிடித்து வாசித்து, "இது நிக்கும்" என்றார்.

பதினொரு பக்கம் வந்தது. அதோடு விடவில்லை. சாட்சிக் கடிதங்கள் வேண்டுமென்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே ஓடித்திரிந்தேன். கோயில் ஐயர், 'இவ்வாகனத்தை இரண்டு வருடங்களாக அறிவேன். நற்பண்பு உடையது' என்று எழுதித் தந்தார். பலசரக்குக் கடைக்காரர், 'எனது கடை வாசலில் இவ்வாகனம் ஒருநாளும் இடைஞ்சலாக நின்றதில்லை' என்று எழுதினார். (எப்படி நிற்கும், அது கராஜை விட்டு வெளியே வந்தாலெல்லோ?) காருக்குக் கீழே கிடந்து எனக்கு முதுகு பிடித்ததற்குக் குடும்ப வைத்தியரிடமும் ஒரு துண்டு வாங்கினோம். "மெடிக்கல் இல்லாத கேஸ் நான் செய்யிறேல்லை" என்றார் அண்ணை.

படங்களுக்கு ஒரு முழு அல்பம். மாலினியை ஸ்பொன்சர் பண்ணினபோது, எங்கள் கலியாணம் உண்மையானது என்று காட்ட ஒரு அல்பம் கொடுத்திருந்தோம். அதே மாதிரி இதற்கும். மாரியில் நானும் காரும், கோடையில் நானும் காரும், நத்தார் நேரம் நானும் காரும், பிறந்தநாளுக்கு நான் காரின் தோளில் கைபோட்டபடி.

திங்கட்கிழமை ஒத்திகை. அண்ணை மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக இருந்தார்.

"நாலு விசயம் மறக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிரிக்காத. ஒருத்தரின்ர பேரையும் சொல்லாத. கேள்வி விளங்காட்டி மொழிபெயர்ப்பாளர் கேள். எல்லாத்துக்கும் மேல, கதையை மாத்தாத. தலை போனாலும் மாத்தாத."

"சரி அண்ணை."

"பயப்பிடாத. சரிவராட்டி அப்பீல் பண்ணுவம்."

செவ்வாய்க்கிழமை காலை, அகதி விசாரணைக்குப் போட்ட அதே கோட்டையும் ரையையும் எடுத்துப் போட்டேன். கோட்டுப் பொத்தான் பூட்டவில்லை. இந்த நாட்டில் நான் நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். மாலினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். கையில் ஒரு பெரிய சாமான் பை. கலியாணக் கடைக்குப் போகிற ஆயத்தமாக்கும் என்று நினைத்தேன். என் கையில் இருந்த தடித்த கோவையைப் பார்த்து, "உதுக்குள்ள என்ன?" என்று கேட்டாள். "காரின்ர கடதாசி" என்றேன். அவள் என் முகத்தை ஒருக்கால் பார்த்தாள். பிறகு போய்ச் சுவரோரக் கதிரையில் இருந்துகொண்டாள்.

என் இலக்கம் வந்தது. கவுண்டரில் இருந்தவர் கரீபியன் தீவுகளில் இருந்து வந்த ஒரு அம்மா. கழுத்தில் சங்கிலி கட்டின மூக்குக்கண்ணாடி. சட்டையில் குளோரியா என்று பெயர். எல்லாரையும் "மை லவ்" என்றுதான் கூப்பிட்டார். "என்ன செய்யலாம், மை லவ்?" என்று கேட்டார். நான் சிரிக்காமல் கோவையை வைத்தேன்.

முதல் பக்கத்தைச் சாதாரணமாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் மெதுவானார். மூன்றாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கார் வெளிநாட்டில் இருந்து வந்ததா?"

"ஜெர்மனி, மெக்சிகோ, மார்க்கம்."

"அப்படியென்றால் சுங்கப் பத்திரம் எங்கே?"

"தவிர்க்க முடியாத சூழ்நிலையில் ஆவணங்கள் கைவிடப்பட்டன."

"என்ன சூழ்நிலை?"

சிரிக்காதே, கேட்டதுக்கு மேல் சொல்லாதே. "தவிர்க்க முடியாதது" என்றேன்.

அவர் நாலாம் பக்கத்தில் விரலை வைத்தார். "இதில் நசுக்கப்படும் என்று போட்டிருக்கிறது. யார் நசுக்கப் போகிறார்கள்?"

"பெயர் சொல்ல விரும்பவில்லை."

குளோரியா கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "மை லவ், உன்னை யாராவது மிரட்டுகிறார்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த உண்மையான இரக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசும். அந்த இடத்திலாவது நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஒத்திகையில் இல்லாத கேள்வி அது. ஆகவே, எட்டு வருடமாக இந்த நாட்டில் ஆங்கிலம் பேசி, அதே ஆங்கிலத்தில் அவருடைய கேள்விகளுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்த நான், மிகத் தெளிவான ஆங்கிலத்தில், "எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்றேன்.

அவர் உள்ளே போய் மேற்பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கின இளம் ஆள். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். ஐயரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்.

"சேர், உங்களிடம் ஒரு சாமானுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. கடதாசிகளைக் கைவிட்டேன் என்கிறீர்கள். பெயர் சொல்ல மறுக்கிறீர்கள். இப்படியென்றால் காரில் உள்ள இலக்கங்களைப் பொலிஸ் பார்க்கவேண்டி வரும். ஒரு வேளை காரை எடுத்துக்கொண்டு போய்த்தான் பார்ப்பார்கள். சில கிழமைகள் ஆகும்."

சில கிழமைகள். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. சுபா சேலையோடு வாசலில் நிற்பதும், மாப்பிள்ளை வீட்டார் ஆளையாள் பார்ப்பதும், "எங்க மாலினி, உன்ர மனுசன்ர கார்?" என்று மாமி கேட்பதும் வரிசையாக என் கண்ணுக்குள் வந்தன. காரைக்கூட விடுங்கள். பத்து வருடத்தில் மாலினி என்னைப் பற்றி வெளியில் பெருமையாகச் சொன்ன முதல் விசயம் இது. இப்போது வாயைத் திறந்து, "ஐயா, நான் பில்லை எறிஞ்சது மனுசிக்குப் பயந்து" என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் மனுசி பத்தடி தள்ளி இருக்கிறாள். தலை போனாலும் கதையை மாற்றாதே என்று அண்ணை சொல்லியிருக்கிறார். நான் மாற்றவில்லை. மேற்பார்வையாளர் ரெலிஃபோனைப் பார்த்து நடந்தார்.

குளோரியா அல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பனிக்குள் கராஜ் கதவு திறந்திருக்க, நான் எலும்புக்கூட்டுக் காரோடு நிற்கிற படத்தில் நின்றார்.

"இந்தப் படங்களை எல்லாம் எடுத்தது யார்?"

"என் மனைவி."

"எங்கே அவர்?"

தாடையால் சுவரோரக் கதிரையைக் காட்டினேன். குளோரியா எட்டிப் பார்த்து, "மிஸஸ், இந்தக் காரின் கடதாசிகள் எல்லாம் எப்படித் தொலைந்தன?" என்று சத்தமாகக் கேட்டார்.

அப்போதுதான் மாலினி எழுந்து வந்து நான் முதலில் எழுதின அந்த வசனத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு சாமான் பைக்குள் இருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். பனிச் சப்பாத்து வந்த பெட்டி. மூடியைத் திறந்தாள். உள்ளே, கசங்கினதை எல்லாம் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கின மாதிரி நிமிர்த்தி, மாதம் மாதமாக றப்பர் பட்டி போட்டுக் கட்டின பில்லுகள். மேலே இருந்தது இரும்புக் கடைப் பற்றுச்சீட்டு, அடிச்சட்ட இலக்கத்தோடு.

"உதெல்லாம் எங்க எடுத்தனீர்?" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

"வாளிக்குள்ள. உங்கட காற்சட்டைப் பைக்குள்ள. இந்த நாட்டில ஆராவது கடதாசி எறிவினமே?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. நானும் இவைக்கு ஃபோன் எடுத்து என்ன வேணுமெண்டு கேட்டனான். நீங்களா வாயைத் திறந்து சொல்லுவியள் எண்டுதான் இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டிருந்தன்."

மேற்பார்வையாளர் ரெலிஃபோனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். இருவருமாக ஒவ்வொரு பில்லாகப் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மாலினியின் குண்டு எழுத்தில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. குளோரியா ஒன்றைத் திருப்பிப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டார்.

மாலினிக்குக் காரின் உறுப்புகளுக்குப் பெயர் தெரியாது. மனிதருக்கு உள்ளதைத்தான் அதற்கும் வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் மொழிபெயர்த்தாள்.

"இடது கண். சும்மா தந்தவங்களாம்."

"இது?"

"வலது கண். அதுவும் சும்மா தந்தவங்களாம்."

"இது?"

"காது இரண்டு. தெரிஞ்ச பொடியன் சும்மா தந்தவனாம்."

"நாலு சில்லு?"

"கடை மூடுறாங்களாம்."

குளோரியா முதலில் தோளால்தான் சிரித்தார். பிறகு முழு உடம்பாலும் சிரித்தார். வரிசையில் நின்ற ஒரு சீனக்காரர் விளங்காமலே சேர்ந்து சிரித்தார். மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்காமல், அந்தச் சில்லு பில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "சேர், நீங்கள் கைவிட்ட சூழ்நிலை இதுவா?" என்று கேட்டார். நான் கதையை மாற்றினேன். "ஓம்" என்றேன். அதைத் தமிழில்தான் சொன்னேன். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பதினொரு பக்கத்தையும் திருப்பித் தந்துவிட்டார்கள். ஒரு பக்கப் படிவம் ஒன்றில், நானே செய்தேன் என்று சத்தியம் பண்ணி எழுதச் சொன்னார்கள். வியாழக்கிழமை காருக்கு ஒரு புது இலக்கம் வந்தது. கூடவே பிளேட்டும் வந்தது. பெர்மிட்டில் உற்பத்தியாளர் என்ற இடத்தில், வீட்டில் செய்தது என்று அடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை சுபா அந்தக் காரில்தான் வந்து இறங்கினாள். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் ஊர்வலம் என்று நினைத்து அமைதியாக வந்தன. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா முன் மூடியைத் தூக்கிப் பார்த்துத் திகைத்து நிற்க, பக்கத்தில் நின்ற அப்பீல் அண்ணை நிதானமாக, "தவிர்க்க முடியாத சூழ்நிலையில் கைவிடப்பட்டது" என்றார்.

அன்று தொடங்கினது இன்றைக்கும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எதுவும் தொலைவதில்லை, கைவிடப்படும். மகள் ஹோம்வேர்க் கொண்டுபோகாத நாள் அவளுடைய ரீச்சருக்கே அப்படி எழுதிக் கொடுத்தாள். அஜக்ஸில் இருக்கிற சுபாவின் புருசன் கடைக்குப் போய்ப் பால் மறந்து வந்தால், பால் கைவிடப்பட்டதாக எனக்கு ஃபோன் வரும். கலியாண வீடுகளில் என்னைக் காட்டி, "காருக்கு அகதிக் கேஸ் போட்டவர் இவர்தான்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். புதுமணத் தம்பதிகளும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் சப்பாத்துப் பெட்டியோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு கவுண்டரில் நடந்ததை நான்தான் சொல்லவேண்டும்.

குளோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எங்களுக்கு நடுவில் வைத்தார். பேனையையும் அதன்மேல் வைத்தார். "உரிமையாளர் பெயர் வேண்டும், மை லவ்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினேன். இரண்டு வருடக் கனவு, என் சொந்தக் கையால் செய்த வண்டி. அந்தக் கணத்துக்காகத்தானே இவ்வளவும்.

மாலினி பேனையை எடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில், தன் முழுப்பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, ஆகக் கீழே இருந்த ஒரு சின்னக் கோட்டை விரலால் காட்டினாள்.

"இஞ்ச, செய்தவர் எண்டு கிடக்கிற இடத்தில நீங்கள் கையெழுத்து வையுங்கோ."